புதிய ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகளும் மூத்த ஆசிரியர்களின் அனுபவம் தரும் பதில்களும்

தமிழ்நாட்டு அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் புதிதாகச் சேரும் இடைநிலை, பட்டதாரி ஆசிரியர்கள் தொடக்க ஆண்டுகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இருபது, முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவர்கள் குறுவள மையக் கூட்டத்தின் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் பயிற்சிக் கூட்டம்) தேநீர் இடைவேளையிலும் வீடு திரும்பும் பஸ்ஸிலும் பேசிக்கொள்வதிலிருந்து பதில்களை எடுத்திருக்கிறேன். விழா மேடையில் பேசுவதைவிட அங்கேதான் உண்மை அதிகம். அவர்கள் சொல்வது எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. மறுக்க வேண்டிய இடத்தில் மறுத்திருக்கிறேன்.

பயிற்சி நிறுவனத்தில் படித்ததற்கும் பள்ளியில் நடப்பதற்கும் சம்பந்தமே இல்லையே?

சம்பந்தம் உண்டு. ஆனால் பயிற்சியில் நீங்கள் எடுத்த மாதிரி வகுப்பில் ஒரு வகுப்பு, ஓர் ஆசிரியர், ஒரு பாடம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு பேர், அதிலும் ஒருவர் தலைமையாசிரியர். அவர் கூட்டத்துக்குப் போகிற நாளில் ஐந்து வகுப்பும் உங்கள் தலையில்.

ஈராசிரியர் பள்ளிகளிலேயே காலம் தள்ளியவர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: உங்கள் பங்குக்கு வரும் மூன்று வகுப்புக்கும் மூன்று பாடம் என்று பாடவேளையைப் பங்கு போடாதீர்கள். ஒரு குழு உங்களோடு உட்காரும்போது, மற்றக் குழுக்களிடம் நீங்கள் இல்லாமலே நடக்கக்கூடிய வேலை இருக்க வேண்டும். அந்த வேலையை யோசித்து வைப்பதில்தான் பாடத் தயாரிப்பின் பெரும்பகுதி இருக்கிறது. 'பார்த்து எழுது' என்று கொடுத்தால் ஐந்தாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடும். பத்துப் புளியங்கொட்டையை எத்தனை விதமாக இரண்டு பங்கு வைக்கலாம் என்று எழுதச் சொன்னாலோ, கதைப் புத்தகத்தில் ஒரு பக்கம் படித்து அதில் யார் யார் வருகிறார்கள் என்று எழுதச் சொன்னாலோ உங்களுக்கு இருபது நிமிடம் கிடைக்கும்.

செயல்வழிக் கற்றல், அதாவது குழந்தை அட்டைகளை ஏணிப்படி வரிசையில் தன் வேகத்தில் முடித்துப் போகும் முறை, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. அந்தக் காலத்தில் அட்டைகளோடும் ஏணிப்படியோடும் மல்லுக்கட்டியவர்கள் இன்னும் பணியில் இருக்கிறார்கள். ஏணிப்படி போய்விட்டது. 2022 ஜூனில் தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். பெயர் மாறுகிறது, சுற்றறிக்கை மாறுகிறது என்று சலித்துக்கொள்பவர்களைக் கேளுங்கள், அவர்களே சொல்வார்கள்: குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் கரும்பலகையையும் தரையில் அவர்களோடு உட்காரும் பழக்கத்தையும் யாரும் பறித்துக்கொள்ளவில்லை. ஒரு திட்டம் முடியும்போது அதில் எது உங்கள் கையில் நின்றது என்று பார்த்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரத்தில் எதைச் செய்ய வேண்டும்?

பெயர்களை மனப்பாடம் செய்யுங்கள். பதிவேட்டில் இருக்கும் பெயரும் வீட்டில் கூப்பிடும் பெயரும் பல குழந்தைகளுக்கு வேறு வேறாக இருக்கும். இரண்டும் தெரிய வேண்டும். போன ஆண்டு நோட்டுகள் கிடைத்தால் வாங்கிப் பாருங்கள். காலை உணவுக்குத் தினமும் வருபவர் யார், வராதவர் யார் என்று கவனியுங்கள். 2023 ஆகஸ்டு முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் காலை உணவு இருக்கிறது. அந்த வரிசையில் ஐந்து நிமிடம் நின்றால், யார் வீட்டில் அம்மா விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுகிறார் என்பது முதல் யார் தம்பியையும் கையில் பிடித்து வருகிறாள் என்பது வரை தெரிந்துவிடும்.

வகுப்பறை விதிகள் என்று அட்டையில் எழுதி ஒட்டுவதை இரண்டாவது வாரத்துக்குத் தள்ளிப் போடலாம். ஒட்டாமலே விட்டாலும் குறையில்லை.

வகுப்பு சத்தமாக இருக்கிறது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் முகம் சுளிக்கிறார். என்ன செய்வது?

முதலில் எந்தச் சத்தம் என்று பாருங்கள். நான்கு பேர் சேர்ந்து கணக்குப் போட்டால் சத்தம் வரத்தான் செய்யும். அதை அடக்க வேண்டாம், பக்கத்து வகுப்புக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

வேலை இல்லாததால் வரும் சத்தம் வேறு. அது பெரும்பாலும் மெதுவாக எழுதும் குழந்தையிடமிருந்து தொடங்குவதில்லை. முதலில் முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் குழந்தையிடமிருந்து தொடங்குகிறது. அனுபவமுள்ளவர்கள் இதைக் கணக்கில் வைத்து, முடித்தவர்கள் கேட்காமலே எடுத்துச் செய்ய ஏதாவது ஒன்றை ஜன்னல் மேடையில் வைத்திருப்பார்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்வது முதல் ஆண்டு ஆசிரியருக்கே உரிய நோய். குரலை உயர்த்துவதற்குப் பதில் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். கரும்பலகையருகே நின்று ஏழு தடவை 'அமைதி' என்பதைவிடப் பேசிக்கொண்டிருக்கும் வரிசையின் பக்கத்தில் போய் நின்று பாடத்தைத் தொடர்வது பலன் தரும்.

"ஓர் அடி போட்டால்தான் வழிக்கு வருவார்கள்" என்று ஒரு மூத்த ஆசிரியரே சொல்கிறார். அதுவும் அனுபவம்தானே?

முப்பது ஆண்டு ஒன்றைச் செய்தார் என்பதற்காக அது பாடமாகிவிடாது. தமிழ்நாட்டில் 2003இலேயே கல்வி விதிகளைத் திருத்தி அடிப்பதைத் தடை செய்தார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடுக்கிறது. பட்டப்பெயர் வைத்து அழைப்பது, வகுப்பு வாசலில் முட்டி போட வைப்பது எல்லாம் இதில் அடங்கும்.

சட்டத்தை விடுங்கள். பிரம்பைக் கீழே போட்ட ஆசிரியர்களிடம் காரணம் கேட்டால் பலர் சொல்வது கருணையைப் பற்றி அல்ல, நோட்டைப் பற்றி. அடி வாங்கும் வகுப்பில் குழந்தை தப்பான கணக்கை அழித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதிவிடும், அல்லது நோட்டையே வீட்டில் மறந்துவிட்டதாகச் சொல்லும். தவறு உங்கள் கண்ணுக்கு வராமல் போய்விட்டால் எதைத் திருத்துவீர்கள்? பயந்த வகுப்பில் எல்லா நோட்டும் சுத்தமாக இருக்கும், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

நோட்டு திருத்தவே பொழுது போய்விடுகிறது. எல்லாவற்றையும் திருத்தியே ஆக வேண்டுமா?

கையெழுத்து எல்லாவற்றிலும் இருக்க வேண்டும் என்று அலுவலர் எதிர்பார்ப்பார். அதைச் செய்துவிடுங்கள். ஆனால் கையெழுத்துப் போடுவது திருத்துவது ஆகாது. இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல ஆசிரியர்கள் மற்றவர்களிடமிருந்து வேறுபடும் இடம் இது.

மூன்றாம் வகுப்புக் குழந்தை 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கிறது. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 25 என்று எழுதிவிட்டு அடுத்த நோட்டுக்குப் போவது இரண்டு நொடி வேலை. குழந்தை என்ன செய்தது என்று பாருங்கள். ஒன்றுகளில் 2இலிருந்து 7 போகாது. ஆகவே 7இலிருந்து 2ஐக் கழித்து 5 போட்டது. பத்துகளில் 5இலிருந்து 2 போனால் 3. விடை 35. அதற்கு ஒரு விதி இருக்கிறது: 'எப்போதும் பெரியதிலிருந்து சின்னது.' அந்த விதியை நாம்தான் ஒன்றாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தோம். அப்போது அது சரியாக இருந்தது. இந்தக் குழந்தைக்கு இன்னும் பத்துக் கழித்தல் கணக்குக் கொடுத்தால் பத்தையும் இதே விதியில்தான் போடும். தீப்பெட்டிக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்து, ஒரு கட்டைப் பிரிக்க வைத்தால்தான் விதி உடையும்.

முந்நூற்று ஐந்தை 3005 என்று எழுதும் குழந்தையும் இப்படித்தான். காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதுகிறது: முந்நூறுக்கு 300, ஐந்துக்கு 5, பக்கத்தில் பக்கத்தில். கவனக்குறைவு என்று நோட்டில் எழுதினால் நியாயமில்லை, அது ரொம்பக் கவனமாகத்தான் எழுதியிருக்கிறது.

தமிழில் கொம்பும் காலும்தான் பெரிய தலைவலி. 'கொ' என்று எழுத, வாயில் முதலில் வரும் மெய்க்கு முன்னால் ஒற்றைக் கொம்பு போட வேண்டும், பின்னால் துணைக்கால் போட வேண்டும். ஒலிக்கும் வரிசையில் கை போகாத இடம் இது. ஆகவே குழந்தை 'கோழி' என்பதற்குக் 'கேழி' என்று எழுதும் (காலை விட்டுவிட்டது), அல்லது 'காழி' என்று எழுதும் (கொம்பை விட்டுவிட்டது). இரண்டும் தவறுதான், ஆனால் ஒரே தவறு அல்ல. முதல் குழந்தைக்குக் கொம்பு போடப் பழகிவிட்டது, முடிக்கத் தெரியவில்லை. இரண்டாவது குழந்தைக்குக் கொம்பே இன்னும் வரவில்லை. அதற்கு 'கெ', 'கே' வரிசைக்குத் திரும்பிப் போக வேண்டும். இரண்டு பேருக்கும் 'கோழி, பத்து முறை எழுது' என்று கொடுப்பதில் என்ன பயன்?

ஒரு தலைமையாசிரியை இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். வாரத்தில் ஒரு நாள் மட்டும், ஒரு பாடத்தின் நோட்டுகளை மட்டும் எடுப்பார். பெயர் பார்க்காமல், தவறின் வகைப்படி மேசையில் அடுக்குவார். பெரும்பாலும் மூன்று அடுக்குதான் வரும். மறுநாள் காலை இறைவணக்கம் முடிந்ததும் ஒவ்வோர் அடுக்கையும் தனியாகக் கூப்பிட்டுப் பத்து நிமிடம். மற்ற நாள்களில் கையெழுத்தோடு சரி. நாற்பது நோட்டிலும் 'நன்று' என்று எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கேள்வி கேட்டால் அதே நான்கு பேர்தான் கை தூக்குகிறார்கள். மற்றவர்களைப் பேச வைப்பது எப்படி?

அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. மூன்று நொடி காத்திருந்தால் பதில்கள் நீண்டன, பேசாத குழந்தைகளும் பேசினார்கள். நம் வகுப்பிலும் இதைச் செய்து பார்க்கலாம், செலவில்லை. கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். அந்த மூன்று நொடி எவ்வளவு நீளம் என்பது அப்போது தெரியும்.

"புரிந்ததா?" என்ற கேள்வியை மட்டும் கேட்கவே வேண்டாம். "புரிந்தது டீச்சர்" என்று வகுப்பே ராகம் போட்டு இழுக்கும். புரியாதவன் குரல்தான் அதில் பலமாக இருக்கும். சிலேட்டு இருந்தால் எல்லோரும் விடையை எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பார்வையில் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பது தெரியும், யாரையும் எழுப்பி நிறுத்திக் கூச வைக்கவும் வேண்டாம்.

நான் பட்டதாரி ஆசிரியர். எட்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கவே தெரியாத மாணவர்கள் இருக்கிறார்கள். பாடத்தை நடத்துவதா, எழுத்தைச் சொல்லிக் கொடுப்பதா?

இரண்டும். வேறு வழியில்லை.

கீழ் வகுப்பு ஆசிரியர்களைக் குறை சொல்வது இங்கே எளிது. ஆசிரியர் ஓய்வறையில் இந்தப் பேச்சு தினமும் நடக்கும். யாரையும் ஃபெயில் ஆக்காமல் அடுத்த வகுப்புக்கு அனுப்புவதுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஏற்கமாட்டேன்: ஆறாம் வகுப்பிலேயே இரண்டு ஆண்டு உட்கார வைத்தாலும் எழுத்தை யாராவது கற்றுக் கொடுத்தால்தான் வரும்.

செய்து பார்த்தவர்கள் சொல்வது: தினமும் இருபது நிமிடம், ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம், ஒரு பருவம் முழுவதும் விடாமல். ஒரு வாரம் இரண்டு மணி நேரம், அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்றால் பலிக்காது. இன்னொன்றை எல்லோரும் அழுத்திச் சொல்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பையன் கையில் அணில், ஆடு படம் போட்ட ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். மீசை அரும்பும் வயதில் அதைவிட அவமானம் கிடையாது. அன்றோடு உங்களிடம் வருவதை நிறுத்திவிடுவான். பஸ்ஸின் ஊர்ப் பலகை, உர மூட்டையின் மேல் அச்சடித்தது, நேற்றைய கிரிக்கெட் ஆட்ட விவரம், அவன் வீட்டு ரேஷன் அட்டையில் இருக்கும் பெயர்கள், இவற்றில் தொடங்குங்கள். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள் என்பதால் எழுத்தை மட்டும் பிடித்தால் போதும்.

பதிவேடு, எமிஸ் (பள்ளித் தகவல்களை ஏற்றும் இணையதளம்), புள்ளிவிவரம், கூட்டம். கற்பிக்க நேரம் எங்கே?

புலம்பல் நியாயமானது. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. பள்ளிக்குள்ளேயே உட்கார்ந்து செய்யும் பதிவேற்றங்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை என்பதுதான் சிக்கல். இதைச் சங்கங்கள் பேச வேண்டும். நீங்கள் தனியாகச் சண்டை போட்டு வெல்ல முடியாது.

அதுவரை மூன்று பழக்கங்கள் காப்பாற்றும். வருகைப் பதிவைச் செயலியில் காலையிலேயே முடித்துவிடுங்கள். மற்றத் தரவுகளைக் கேட்கும்போதெல்லாம் தேடாமல், ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம் என்று ஒரு நோட்டில் ஆதார் முதல் வங்கிக் கணக்கு வரை ஒரே தடவை எழுதிப் பூட்டி வையுங்கள். ஆண்டில் பத்துத் தடவை கேட்பார்கள். வெளியே போகும்போது இயக்கப் பதிவேட்டில் எழுதாமல் போகாதீர்கள், பக்கத்துக் கடைக்கானாலும்.

தலைமையாசிரியரோடு ஒத்துப்போகவில்லை.

குழந்தைகள் முன்னால் அதைக் காட்டாதீர்கள். ஊர்க்காரர்கள் முன்னால் அறவே காட்டாதீர்கள். ஊர் இரண்டாகப் பிரிந்து உங்களில் ஒருவர் பக்கம் சேர்ந்துவிடும், அப்புறம் பள்ளியில் வேறு வேலை நடக்காது. எழுத்தில் வரும் உத்தரவுக்கு எழுத்தில் பதில் சொல்லுங்கள். தகுதிகாண் பருவம் முடியும்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்பவர்கள் உண்டு, அதில் பாதிதான் சரி: குழந்தைக்குத் தீங்கு வரும் விஷயத்தில் எந்தப் பருவமும் பார்க்க வேண்டாம்.

பெற்றோர் பள்ளிக்கே எட்டிப் பார்ப்பதில்லை. அக்கறை இல்லாதவர்களா?

பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? வந்தால் ஒரு நாள் கூலி போகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும், பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. காகிதத்தில் அந்தக் கணக்கு எல்லாப் பள்ளியிலும் சரியாக இருக்கும். பெயர் இருக்கிறவர்கள் கூட்டத்தில் வாய் திறக்கிறார்களா என்பதுதான் பார்க்க வேண்டியது.

மாலை ஐந்தரை மணிக்குத் தெருவில் ஒரு நடை போய்வாருங்கள். முதல் தடவை குறை சொல்லப் போகாதீர்கள். "உங்கள் பெண் நேற்று வாய்பாடு தப்பில்லாமல் சொன்னாள்" என்று திண்ணையில் சொல்லிவிட்டு வந்தால், அடுத்த மாதம் "நான்கு நாளாக வரவில்லையே" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடும்.

செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகும் வீடுகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். எந்த ஊருக்கு, எத்தனை மாதம், பாட்டி இங்கே இருக்கிறாரா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டால், ஒன்று குழந்தையைப் பாட்டி வீட்டில் நிறுத்த வைக்கலாம், இல்லையென்றால் போகிற ஊர்ப் பள்ளிக்குத் தகவல் சொல்லலாம். போன பிறகு 'நீண்ட நாள் விடுப்பு' என்று எழுதி வைப்பதால் குழந்தை திரும்பாது.

வகுப்பில் சாதி தெரிகிறது. புதிதாக வந்தவள் நான், தலையிடலாமா?

தலையிட வேண்டும். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவரும் தடுக்க வந்த அவருடைய தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்த பையன்கள். அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்ட மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பது, அகர வரிசைப்படி மாணவர்களை உட்கார வைப்பது எல்லாம் அதில் உள்ள பரிந்துரைகள்.

கயிறு கண்ணுக்குத் தெரியும். தெரியாதவற்றைத்தான் நீண்ட நாள் பணியில் இருந்தவர்கள் சொல்லித் தருகிறார்கள். குடிநீர்க் குடத்தைத் தொட்டு நிரப்புவது யார், கழிப்பறைப் பக்கம் தண்ணீர் ஊற்றச் சொன்னால் யாரைப் பார்த்துச் சொல்கிறோம், தேநீர் வாங்கிவர யாரை அனுப்புகிறோம் என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். கை தானாகவே சில குழந்தைகளை நோக்கிப் போவது தெரியும். வேலைகளுக்கு அகர வரிசையில் முறை வைத்துவிட்டால் இந்த வழக்கம் நின்றுவிடும், பிரசங்கம் தேவையில்லை. கழிப்பறை சுத்தம் செய்வதை அந்த முறையிலும் சேர்க்காதீர்கள். அது எந்தக் குழந்தையின் வேலையும் அல்ல.

உதவித்தொகைப் படிவம் வரும்போது இன்னும் கவனம் வேண்டும். 'எஸ்.சி. பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்கள்' என்று ஒரு குரல் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும்தான். எழுந்து நின்ற குழந்தை அதை ஆயுள் முழுக்க மறக்காது. படிவத்தைத் தனித்தனியாக மடித்துக் கொடுங்கள்.

ஒரு குழந்தை தனக்கு நடந்த கொடுமையை என்னிடம் சொன்னால்?

'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள், இன்னொரு ஆசிரியர் முன்னால் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். பாலியல் கொடுமை என்றால் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிப்பது கட்டாயம், மறைப்பது குற்றம். 1098 குழந்தைகள் உதவி எண். 14417 பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண். பள்ளியின் பெயர் கெட்டுவிடும், ஊரில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று அனுபவசாலி ஒருவர் சொல்லக்கூடும். அந்த அனுபவம் வேண்டாம்.

தினமும் பாடக் குறிப்பேடு எழுதுகிறோமே, தனியாக அனுபவக் குறிப்பு வேறு எதற்கு?

பாடக் குறிப்பேட்டில் நடத்தப்போவதை எழுதுகிறோம். அலுவலர் பார்ப்பதற்காக எழுதுகிறோம். நடந்தது அதில் இருக்காது. வேறொரு சின்ன நோட்டு, யாருக்கும் காட்ட வேண்டாதது, மேசை இழுப்பறையில் இருக்கட்டும். 'இன்று வகுப்பு நன்றாகப் போனது, மனநிறைவு' என்றெல்லாம் எழுதினால் ஆறு மாதம் கழித்துப் படிக்க ஒன்றும் இருக்காது. இப்படி எழுதலாம்:

'செவ்வாய். நான்காம் வகுப்பு, பின்னம். வட்டத்தில் அரை, கால் வந்தது. செவ்வகத்தில் வரவில்லை. மூன்று பேர் காலைவிட அரை சின்னது என்றார்கள், 4 பெரிய எண்ணாம். நாளை தாளை மடித்து அரை, கால், அரைக்கால் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்ட வேண்டும்.'

இதை எழுத மதிய உணவு இடைவேளையில் நான்கு நிமிடம் போதும். அடுத்த ஆண்டு அதே பாடம் வரும்போது இந்தப் பக்கத்தைப் புரட்டினால், எந்தக் குழந்தை எங்கே இடறும் என்பது முன்கூட்டியே தெரியும். தினமும் எழுத முடியாது. இடறல் வந்த நாளில் எழுதினால் போதும்.

ஸ்மார்ட் போர்டும் கைக்கணினியும் வந்துவிட்டன. பழைய ஆசிரியர்களிடம் கேட்க என்ன இருக்கிறது?

இதயம் துடிப்பதையும் எரிமலை வெடிப்பதையும் திரையில் காட்டுங்கள், அருமையாக இருக்கும். குழந்தையின் விரலைப் பிடித்து 'ழ' சுழிக்க வைப்பது எப்படி என்று பழையவர்களிடம் கேளுங்கள்.

ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். எந்த மூத்த ஆசிரியரை நம்புவது?

பேச்சை வைத்தே கண்டுபிடிக்கலாம். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளே அப்படித்தான்', 'பெற்றோர் சரியில்லை', 'எங்கள் காலத்தில்' என்று தொடங்குபவரிடம் பணிப்பதிவேடு, விடுப்பு விதி, ஊதிய உயர்வு பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் அவர்கள் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள், அதுவும் தேவைதான். 'என்னிடம் ஒரு பையன் இருந்தான், பெருக்கல் போடுவான், வகுத்தல் என்றால் அழுவான்' என்று தொடங்குபவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போடுங்கள். அவரும் முழுக்கச் சரியாக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பையனிடம் முதலில் எதைச் செய்து பார்த்தார், எது பலிக்கவில்லை, பிறகு எதை மாற்றினார் என்று கேளுங்கள். பலிக்காததைச் சொல்லத் தயங்காதவர் கிடைத்தால் விடாதீர்கள்.

அவருடைய வகுப்பில் ஒரு பாடவேளை உட்காரவும் அனுமதி கேளுங்கள். பின்வரிசையில் உட்கார்ந்து ஆசிரியரைப் பார்க்காமல் குழந்தைகளைப் பாருங்கள். சொன்னதும் செய்வதும் ஒன்றுதானா என்பது அவர்கள் நோட்டில் இருக்கும்.

எங்கள் பள்ளியில் ஒருவர் இந்த மே மாதம் ஓய்வுபெறுகிறார். அவரிடம் என்ன கேட்டு வைக்கலாம்?

பொதுவாக அறிவுரை கேட்டால் பொதுவாகத்தான் கிடைக்கும். குழந்தை குழந்தையாகக் கேளுங்கள்: யார் கண் சரியாகத் தெரியாமல் முன்வரிசையில் உட்கார வேண்டியவர், யாருக்கு வலிப்பு வரும், யார் வீட்டில் அப்பா குடித்துவிட்டு வரும் நாளில் பள்ளி வராமல் போகிறாள், எந்த வீட்டுப் பாட்டியிடம் சொன்னால் வேலை நடக்கும். பின்னத்துக்கும் வகுத்தலுக்கும் அவர் செய்து வைத்த அட்டைகள் எந்தப் பீரோவில் இருக்கின்றன, சாவி யாரிடம். முன்னாள் மாணவர்களில் யார் பக்கத்து ஊரில் தச்சராகவோ எலெக்ட்ரீஷியனாகவோ இருக்கிறார்கள். பெஞ்சு உடைந்தால் கூலி வாங்காமல் வருபவர்கள் அவர்கள்தான்.

ஏப்ரல் தேர்வு தொடங்குவதற்கு முன்பே கேட்டு முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு அவர் ஓய்வூதியக் கோப்போடு அலுவலகத்துக்கும் கருவூலத்துக்கும் அலைந்துகொண்டிருப்பார்.